நிறுவிய மென்பொருளை வேறு கணினிக்கு மாற்றுதல்

நிறுவிய மென்பொருளை மாற்றுதல் என்பது, ஒரு கணினியில் இயங்கிவரும் மென்பொருளை, மூலக் குறுந்தட்டு இல்லாமலும் மீண்டும் நிறுவாமலும் இன்னொரு கணினிக்குக் கொண்டுசென்று இயக்குவதாகும். தமிழ்க் கணிமையின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. எழுத்துருவும் விசைப்பலகை மென்பொருளும் உடன் வராவிட்டால், தமிழில் தட்டச்சு செய்த பக்கம் புதிய கணினியில் பொருளற்ற உரோமன் எழுத்துகளாகவே தெரிந்தது. மென்பொருளை இழந்தால் எழுதியதையும் இழக்கும் நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

தொடக்க காலம்

1981இல் ஐ.பி.எம். தனிமேசைக் கணினியுடன் வந்த டாஸ் இயங்குதளத்தில் இந்த வேலை எளிதாக இருந்தது. பெரும்பாலான மென்பொருள்கள் ஒரே கோப்புறைக்குள் அடங்கியிருந்தன. அந்தக் கோப்புறையை நெகிழ்வட்டில் நகலெடுத்து வேறு கணினியில் இட்டால் போதும்; இயங்கிவிடும்.

இந்திய மொழிகளுக்கு மட்டும் ஒரு தடை இருந்தது. ஐ.ஐ.டி. கான்பூரில் தொடங்கிய ஆய்வின் தொடர்ச்சியாகச் சி-டாக் நிறுவனம் வழங்கிய ஜிஸ்ட் அட்டையைக் கணினிக்குள் பொருத்தினால் டாஸ் திரையில் இந்திய எழுத்துகள் தோன்றும். கோப்புகளை நகலெடுக்கலாம், அட்டையை நகலெடுக்க முடியாது.

பதிவேடு வந்த பின்

விண்டோஸ் 3.1 பதிப்பில் (1992) சிறிய அளவில் தோன்றிய 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பதிவேடு, 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95இல் இயங்குதளத்தின் மையமாயிற்று. மென்பொருள் எந்தக் கோப்புறையில் உள்ளது, எந்தக் கோப்புகளை அது திறக்கும், அதன் அமைப்புகள் யாவை என்பன அங்கே எழுதப்பட்டன. பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் டி.எல்.எல். கோப்புகள் விண்டோசின் சொந்தக் கோப்புறையில் போய்ச் சேர்ந்தன.

இதைப் பள்ளிக்கூட எடுத்துக்காட்டால் விளக்கலாம். வேற்றூரிலிருந்து வந்த மாணவன் புதிய பள்ளியின் வகுப்பறையில் போய் உட்கார்ந்துவிடலாம். ஆனால் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து, வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறும்வரை ஆசிரியர் அவன் பெயரை அழைக்கமாட்டார். கோப்புறையை மட்டும் நகலெடுத்துக் கொண்டுவந்த மென்பொருளின் நிலையும் அதுவே.

தமிழ் மென்பொருள்களின் அனுபவம்

1990களில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துக் குறியீட்டு முறையை வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டின் வழியே தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீட்டு முறைகளும் வந்தன. இணையத்தில் திஸ்கி முறையும் பரவியது. ஆயினும் பழைய எழுத்துருக்கள் வழக்கொழியவில்லை.

தருமபுரி மாவட்டம் கடத்தூர் போன்ற பேரூராட்சிகளில் திருமண அழைப்பிதழும் நோட்டீசும் வினாத்தாளும் தயாரிக்கும் டி.டி.பி. நிலையங்களுக்கு இது நேரடிச் சிக்கல். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதில் பழைய எழுத்துருவைக் கொண்டு உருவாக்கிய கோப்பைத் திறக்க அந்த மென்பொருளும் வேண்டும், அதே எழுத்துருவும் வேண்டும். எழுத்துருவை 'ஃபான்ட்ஸ்' கோப்புறையில் இட்டால் விண்டோஸ் தானே பதிவு செய்துகொள்ளும். மென்பொருளுக்கு அந்த எளிமை இல்லை. சில இந்திய மொழி மென்பொருள்களுடன் 'டாங்கிள்' என்ற பூட்டுக் கருவியும் வரும். அதைக் கணினியில் செருகினால்தான் அவை இயங்கும்.

2005 ஏப்ரலில் இந்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய இலவசக் குறுந்தட்டைச் சென்னையில் வெளியிட்டது. கையில் ஒரு குறுந்தட்டு இருந்தால் எந்தக் கணினியிலும் நிறுவிக்கொள்ளலாம் என்ற நிலை அதனால் ஏற்பட்டது.

முழு வட்டையும் நகலெடுத்தல்

மென்பொருளைத் தனியே பிரிக்க முடியாவிட்டால், வன்தட்டு முழுவதையும் படிமமாக எடுத்துவிடலாம். நியூசிலாந்தில் உருவான 'கோஸ்ட்' இதற்குப் பெயர்பெற்றது. 1998இல் அதைச் சைமன்டெக் நிறுவனம் வாங்கியது. கணினிகளைப் பெருமளவில் தயாரிக்கும்போதும், ஒரே மாதிரிக் கணினிகள் கொண்ட ஆய்வகங்களிலும் இம்முறையே பயன்படுகிறது. படிமத்தை வேறு வகைக் கணினியில் இட்டால், வன்பொருள் மாறுபாட்டால் விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிடவும் கூடும்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் நிறுவனங்களின் மாணவர்களுக்குச் சொந்தக் கணினியைத் தந்தது. கணினியுடன் மென்பொருளும் நிறுவப்பட்டே வந்தது. அதை அழித்துவிட்டால் திரும்பப் பெறும் வழி தெரிந்திருக்க வேண்டும். படிமம் எடுத்து வைப்பதன் பயன் அங்கேதான் புரியும்.

எடுத்துச் செல்லும் மென்பொருள்கள்

2004இல் ஜான் ஹாலர் ஃபயர்பாக்ஸ் உலாவியைப் பென்டிரைவிலிருந்தே இயங்கும்படி மாற்றியமைத்தார். அமைப்புகள் அனைத்தும் மென்பொருளின் கோப்புறைக்குள்ளேயே இருந்தன. டாஸ் காலத்து எளிமை இவ்வாறு திரும்பி வந்தது. தமிழில் 'அழகி+' மென்பொருளை நிறுவாமலே இயக்க முடியும். பொது நூலகத்திலோ இணைய மையத்திலோ நிறுவும் அனுமதி இல்லாத கணினியில் தமிழில் எழுத விரும்பியவர்களுக்கு இது பெரிய உதவி.

பழைய கணினியை முழுதாகக் காப்பாற்ற இன்னொரு வழியும் உண்டு. 2009இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட 'டிஸ்க்2விஎச்டி' என்னும் சிறு கருவி, இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் வட்டை மெய்நிகர் வட்டாக மாற்றுகிறது. புதிய கணினிக்குள் பழைய கணினியை ஒரு சாளரத்தில் இயக்கலாம்.

உரிமம்

மாற்ற முடிவது வேறு, மாற்ற உரிமை இருப்பது வேறு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதல், உரிமம் கணினியின் வன்பொருளோடு இணைத்துச் சரிபார்க்கப்படுகிறது. கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. கட்டற்ற மென்பொருள்களுக்கு இந்தத் தடை இல்லை.

ஒருங்குறி தந்த விடுதலை

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் எக்ஸ்பியில்கூடத் தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிய, கண்ட்ரோல் பேனலில் அந்த வசதியைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் குறுந்தட்டைச் செருக வேண்டியிருந்தது. விஸ்டாவிலிருந்து அந்தத் தேவை நீங்கியது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துக் குறியீட்டையும் தரமாக ஏற்றது.

இன்று ஒருங்குறியில் எழுதிய கோப்பு எந்த மென்பொருளையும் நம்பியிருக்க வேண்டியதில்லை, கைபேசியிலும் திறக்கும். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகளால் மாற்றிக்கொள்ளலாம். பழைய கணினி இயங்கும்போதே இதைச் செய்வது நல்லது. வன்தட்டு பழுதானால், நகலெடுத்து வைக்காத மென்பொருளோடு உள்ளூர்க் கோயில் மலரும் பள்ளி ஆண்டு மலரும் குடும்ப வரலாறும் சேர்ந்தே போய்விடும்.