திருவரங்கத்து ஆரோக்கியசாலையும் நெடுநாள் உடல்வலியும்

திருவரங்கம் அரங்கநாதர் கோயிலிலுள்ள சக ஆண்டு 1415 (பொ.ஆ. 1493) கல்வெட்டு, அங்குச் சிதைந்திருந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளுவித்த செய்தியைத் தருகிறது. அச்சாலை போசளர் காலத்தில் தோன்றியது. கொடையைப் பதிவதே இத்தகைய கல்வெட்டுகளின் நோக்கமாதலின், நோயாளியின் குரல் அவற்றில் இடம்பெறுவதில்லை.

இவ்விடைவெளியை நிரப்ப, காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கல்வெட்டு ஓரளவு துணைபுரிகிறது. வீரராசேந்திரன் காலத்ததான (11ஆம் நூற்றாண்டு) அது, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் அங்கு இருப்பிலிருந்த மருந்துகளையும் குறிப்பிடுகிறது. அவற்றுள் ஒன்று பலாகேரண்ட தைலம். ஏரண்டம் என்பது ஆமணக்கு. ஆயுர்வேதம் அதனை வாதநோய்களுக்கு உரியதாகக் கூறும். எனவே, நீடித்த உடல்வலிக்கு அங்கு மருத்துவம் நிகழ்ந்தது எனக் கருத இடமுண்டு.

ஆயினும் அவ்வலியை இன்றைய 'ஃபைப்ரோமயால்ஜியா' எனக் கொள்ளுதல் பொருந்தாது. அந்நோயின் வரையறையே பலமுறை மாறியுள்ளது. 1904இல் கவர்ஸ் அதனை அழற்சியாகக் கருதி 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்றார். அழற்சி புலப்படாமையால் 1976இல் இன்றைய பெயர் முன்மொழியப்பெற்றது. 1990ஆம் ஆண்டு அமெரிக்க வரையறை, 18 புள்ளிகளுள் 11இல் அழுத்தவலி வேண்டும் என்றது. 2010ஆம் ஆண்டு வரையறையோ அச்சோதனையைக் கைவிட்டுப் பரவிய வலி, சோர்வு, உறக்கக் குறை ஆகியவற்றை நோயாளியிடமே கேட்டறியச் செய்தது.

குருதிச் சோதனை காட்டாத இந்நோயில் நோயாளியின் கூற்றே முதன்மைச் சான்று. கல்வெட்டில் அக்கூற்று இல்லாமை, அன்று வலி இல்லாமையைக் காட்டாது; சோதனைத் தாளில் குறையில்லாமையும் அத்தகையதே.