பட்டுப்பூச்சியின் கடிகாரம்

கோழி கூவியதால் பொழுது விடிகிறதா? இல்லை. விடியப்போவதை முன்னரே உணர்ந்து கோழி கூவுகிறது. இருளில் நின்றுகொண்டு ஒளி வரும் வேளையை அது எங்ஙனம் உணர்ந்தது? இக்கேள்விக்கு விடை தேடியவர்களின் கதை நெடியது. அதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு.

கோபிசெட்டிபாளையத்து வாய்க்கால் ஓரம் நிற்கும் புளியமரத்தை அந்தி வேளையில் அண்ணாந்து பார்ப்போமானால், சிற்றிலைகள் இணை இணையாக மடிந்து துயில் கொள்வதைக் காணலாம். கிறித்து பிறப்பதற்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே, அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவருள் ஒருவனான ஆண்ட்ரோஸ்தெனிஸ், இன்று பஹ்ரைன் எனப்படும் தீவில் இக்காட்சியைக் கண்டு எழுதி வைத்தான். அவன் கண்டது புளியே என்பது அறிஞர் கருத்து. ஒளி மறைந்ததால் இலை மடிந்தது என்றே உலகம் எண்ணியிருந்தது. 1729-இல் பிரெஞ்சு நாட்டு தெ மெரான், தொட்டாற்சுருங்கி எனக் கருதப்படும் செடியொன்றை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். கதிரவனையே காணாத அச்செடி, பகல் வந்ததும் இலை விரித்தது. இரவு வந்ததும் மடித்தது! கடிகாரம் வானத்தில் மட்டும் இல்லை, செடிக்குள்ளும் இருக்கிறது என்னும் எண்ணம் அன்று முளைவிட்டது.

நாளைச் சிறுபொழுதுகளாகப் பகுத்துத் திணைக்கொன்றாக வழங்கிய தொல்காப்பியத் தமிழன், 60 நாழிகை கொண்டது ஒரு நாள் எனக் கணக்கிட்ட தமிழன், பின்னாளில் இராகு காலத்துக்கு அஞ்சி வாசலில் நின்றான். அந்த ஒன்றரை மணி நேரம் திங்களன்று ஒரு வேளையிலும் செவ்வாயன்று வேறு வேளையிலும் வருமாம். உடலுக்குள் ஓடும் கடிகாரமோ கிழமை அறியாது. அது பஞ்சாங்கம் படித்ததில்லை!

1970-களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் என்னும் தமிழக அறிஞர் இத்துறையைத் தழைக்கச் செய்தார். செருமனியில் பியூனிங் என்னும் பேரறிஞரிடம் பயின்று வந்தவர் அவர். மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோருடன் சேர்ந்து அவர் ஆராய்ந்தது, மதுரையைச் சூழ்ந்த குகைகளில் தொங்கும் வௌவாலை. பகலென்றும் இரவென்றும் வேறுபாடற்ற குகை இருளில் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்தனர். சுற்றிலும் தன் இனம் இருந்தவரை, அவை வெளியே பறக்கும் வேளையில் கூண்டு வௌவாலும் சிறகடித்தது. இனத்தார் இல்லாத குகையிலோ அதன் கடிகாரம் ஊர்க் கணக்கை விட்டு விலகி, தன் போக்கில் ஓடியது. ஒளி மட்டுமன்று, உறவும் கடிகாரத்தைத் திருத்துகிறது. 1978-இல் வெளிவந்த இம்முடிவைப் போல் எம் நெஞ்சைத் தொட்ட ஆராய்ச்சி பிறிதில்லை. அதே மதுரையில், நாழிகை காட்டும் பொருள் எதுவுமில்லாத தனியறையில் மனிதரையும் தங்கவைத்துப் பார்த்தனர். பெண்ணொருத்தியின் மாதவிடாய் வட்டம் அவளது துயில் வட்டத்தோடு கட்டுண்டதன்று என்னும் முடிவை 1991-இல் வெளியிட்டனர்.

கடிகாரம் உடலில் எங்கே இருக்கிறது? இதற்கு விடை சொன்னது பட்டுப்பூச்சி. கோபி வட்டாரத்து உழவர் வீட்டில் மல்பெரித் தழை தின்று கூடு கட்டுகிறதே, அதன் உறவினப் பெரும் பூச்சிகள் அவை. 1970-இல் அமெரிக்காவில் ட்ரூமன், ரிடிஃபோர்டு என்னும் இருவர், காலையில் கூட்டை விட்டு வெளிவரும் ஓரினத்தின் மூளையையும், பிற்பகலில் வெளிவரும் மற்றோர் இனத்தின் மூளையையும் எடுத்து மாற்றி வைத்தனர். மூளையைத் தலையில் வைக்காமல் வயிற்றில் வைத்தும் பார்த்தனர். எந்த இனத்தின் மூளையோ, அந்த இனத்தின் வேளையில் பூச்சி வெளிவந்தது!

மறு ஆண்டே கொனோப்காவும் பென்சரும் பழ ஈக்களில் 19 மணி நேர நாள் கொண்டது, 28 மணி நேர நாள் கொண்டது, நாளே இல்லாதது என மூவகை கண்டனர். மூன்றுக்கும் காரணம் ஒரே மரபணுவின் பழுது. அம்மரபணு செய்யும் புரதம் பெருகப் பெருக, தன்னைச் செய்யும் வேலையைத் தானே நிறுத்துகிறது. சிதைந்த பின் மீண்டும் வேலை தொடங்குகிறது. ஏறத்தாழ ஒரு நாளில் இச்சுற்று முடிகிறது. இதனை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபெல் பரிசு கிடைத்தது. மனித மூளையில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் இப்பணியைச் செய்கின்றன. கண்வழி வரும் காலை ஒளி அவற்றை நாள்தோறும் திருத்துகிறது.

கொங்கு நாட்டு நூற்பாலையில் ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறுவாரம் இரவு ஷிப்டு. கதிர் ஓய்ந்தும் ஓயாது சுழல்கிறது, பெண்ணின் கையும் ஓயவில்லை. விடியலில் வீடு திரும்பிக் கண்ணை மூடினால் தூக்கம் வருவதில்லை, வந்தாலும் நிலைப்பதில்லை. வாசலில் வெயில், அடுப்படியில் அரவம், தெருவில் ஊர் விழித்த ஓசை. மதுரை வௌவாலுக்கு நிகழ்ந்தது இவளுக்கும் நிகழ்கிறது: கதிரவனும் உறவும் ஒருங்கே "எழு" என்கின்றன, உடலோ "உறங்கு" என்று கெஞ்சுகிறது. ஒரு வாரத்தில் உள்கடிகாரம் இரவுக்குப் பழகத் தொடங்கும்போது ஷிப்டு மாறிவிடுகிறது. உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2007-இலும் 2019-இலும் இத்தகைய இரவு வேலையைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற வரிசையில் சேர்த்தது. பகலில் கண் அயரும் அவளைப் பார்த்து, "பொட்டப்புள்ளைக்கு இந்நேரத்துல என்ன தூக்கம்?" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரலுக்கு உரியவர் இரவு முழுதும் நன்றாக உறங்கியவர்.