பாறையில் போட்ட கிரிட்: குடுமியான்மலை இசைக் கல்வெட்டு

ஒரு வெப் டிசைனர் புது வேலையைத் தொடங்கும்போது முதல்ல என்ன செய்வார்? கலரும் ஃபான்ட்டும் அப்புறம்தான். முதல்ல ஒரு பேப்பரை எடுத்து கட்டம் போடுவார். எது மேலே வரணும், எது எதுக்குப் பக்கத்துல நிக்கணும், படிக்கிறவங்க கண் எப்படி நகரணும்னு அதுலதான் முடிவாகும். பிரவுசர்ல இதுக்கான சி.எஸ்.எஸ். கிரிட் 2017-லதான் பரவலா வந்தது. ஆனா இந்த யோசனை ரொம்பப் பழசு. அதைப் பார்க்க இன்னைக்கு குடுமியான்மலைக்குப் போறோம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்.

அங்கே சிகாநாதர் கோயிலை ஒட்டி, பாறையைக் குடைந்து செய்த மேலைக்கோயில் இருக்கு. அதன் பக்கத்துப் பாறையில், சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில், ஒரு கல்வெட்டு. எழுத்து கிரந்தம். எழுத்தின் வடிவத்தை வைத்து 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுன்னு சொல்றாங்க. கல்வெட்டுன்னாலே நிலதானம், வரி, மன்னர் புகழ்தானே நமக்கு ஞாபகம் வரும்? இதுல இருக்கிறது சுரங்கள். 1904-ல் கண்டறியப்பட்ட இதை, பி.ஆர். பண்டார்கர் ஆராய்ந்து ‘எபிகிராஃபியா இண்டிகா’வில் பதிப்பித்தார்.

இப்போ லேஅவுட்டைப் பாருங்க. மொத்தம் 7 பகுதிகள். மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்று பகுதிக்கு ஒரு பண். சுரங்கள் நாலு நாலாகக் கூட்டம் கட்டி நிற்கின்றன. ஒரு வரிக்கு 16 கூட்டங்கள், அதாவது 64 சுரங்கள். ஒரு வரியில் இருக்கும் 16 கூட்டங்களும் ஒரே சுரத்தில் முடியும். இப்படி 38 வரிகள்.

ஏன் இப்படி? பதில் கல்வெட்டிலேயே இருக்கு. ருத்ராசாரியரின் சீடரான, சிவபக்தரான ஓர் அரசர் இதை மாணவர்களின் நன்மைக்காகச் செய்ததாக அது சொல்கிறது. பாடம் படிக்கிற பிள்ளைக்கு 64 சுரங்களை ஒரே மூச்சில் நீட்டி எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? எங்கே விட்டோம்னே தெரியாது. நாலு நாலாகப் பிரிச்சா கண்ணுக்குப் பிடி கிடைக்கும், மனசுல நிக்கும். யார் படிக்கப் போறாங்க என்பதிலிருந்து இந்தக் கட்டம் பிறந்திருக்கு. அதோட, கல்லில் அன்டூ கிடையாது. உளி தொடுவதற்கு முன்பே எண்ணிக்கையும் இடமும் கணக்காகியிருக்கணும்.

ஆனா இதுல ஒரு சோகமும் இருக்கு. சுரங்கள் வெறும் ச, ரி, க, ம என்று இல்லை. ச, சி, சு, சே. ர, ரி, ரு, ரே என்று உயிரொலி மாறி மாறி வருது. சில எழுத்துகளுக்கு மேல் புள்ளியும் உண்டு. இவற்றுக்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் நூறாண்டாக விவாதிக்கிறாங்க. அன்றைய மாணவருக்கு அது தெரிஞ்ச விஷயம், அதனால் விளக்கம் எழுதலை. கட்டம் தப்பிச்சது, சாவி தொலைஞ்சது.

பக்கத்துத் திருமயத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே குடைவரையில் இருந்த இசைக் கல்வெட்டைச் செதுக்கி அழித்து, அதன்மேல் பிற்காலத்தில் வேறொன்றை வெட்டிட்டாங்க. ‘பரிவாதினி’ என்ற ஒரு வகை வீணையின் பெயர் இன்னும் படிக்கக் கிடைக்குது.

அதனால, அடுத்த முறை நீங்க ஒரு பக்கத்துக்குக் கட்டம் போடும்போது ரெண்டு கேள்வி கேளுங்க. இதை யார் படிக்கப் போறாங்க? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவங்களுக்கும் தெரியும்னு நானா முடிவு பண்ணிட்டேனா? முதல் கேள்விக்குக் குடுமியான்மலை அழகா பதில் சொல்லிடுச்சு. ரெண்டாவது கேள்விக்கான பதிலைத்தான் நாம இன்னும் அந்தப் பாறையில தேடிக்கிட்டிருக்கோம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.