பள்ளிக்கூடம் போகாமலே லத்தீனும் தர்க்கமும்... ஆன்லைன் 'கிளாசிக்கல்' கல்வி என்றால் என்ன? சான்றிதழ் செல்லுமா?

இரவு ஏழரை மணி. தெருவில் மற்ற பிள்ளைகள் டியூஷன் முடிந்து சைக்கிளில் திரும்பும் நேரம். அந்த நேரத்தில்தான் சில வீடுகளில் 'ஸ்கூல்' ஆரம்பிக்கிறது. லேப்டாப்பைத் திறந்தால் அமெரிக்காவில் இருந்து ஆசிரியர், நேரலையில் வகுப்பு. பாடம் பிசிக்ஸோ கெமிஸ்ட்ரியோ இல்லை. ஹோமர், பிளேட்டோ, லத்தீன் இலக்கணம், தர்க்கம், கூடவே பைபிள்.

இதைத்தான் 'கிறிஸ்தவ கிளாசிக்கல் லிபரல் ஆர்ட்ஸ்' கல்வி என்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்து நடத்தப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு பிள்ளை இதில் சேர்ந்தால், நாளைக்குக் கல்லூரியில் சீட் கிடைக்குமா? அரசு வேலைக்குப் போக முடியுமா? விரிவாகப் பார்ப்போம்.

'கிளாசிக்கல்' கல்வி என்றால் என்ன?

இது ஐரோப்பாவின் பழைய பாடத்திட்டம். மொத்தம் ஏழு கலைகள். முதல் மூன்று: இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை. அடுத்த நான்கு: எண் கணிதம், வடிவியல், இசை, வானியல். இதில் வரும் 'லிபரல்' என்ற சொல்லுக்கும் அரசியலுக்கும் சம்பந்தம் இல்லை. சுதந்திர மனிதருக்கு உரிய கல்வி என்பதுதான் அதன் லத்தீன் பொருள்.

இந்தப் பழைய முறை மறுபடி பேசப்பட முக்கியக் காரணம் ஓர் உரை. துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1947-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அதை நிகழ்த்தினார். பிள்ளைகளுக்குப் பாடங்களைச் சொல்லிக் கொடுக்கிறோம், யோசிக்கச் சொல்லிக் கொடுக்கிறோமா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. சின்ன வயதில் மனப்பாடம், வளரும் வயதில் வாதம், பதின்ம வயதில் தெளிவான பேச்சும் எழுத்தும் என்று மூன்று கலைகளையும் மூன்று பருவங்களோடு பொருத்திக் காட்டினார்.

1980-களுக்குப் பிறகு அமெரிக்கக் கிறிஸ்தவப் பள்ளிகள் சில இதைக் கையில் எடுத்தன. அங்கே 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும் என்பதால் இந்த முறை வீடுகளுக்கும் வேகமாகப் பரவியது. வெரிடாஸ் பிரஸ், மெமோரியா பிரஸ் போன்ற நிறுவனங்கள் முதலில் பாடப்புத்தகம் போட்டன. பிறகு ஆன்லைன் வகுப்புகளையும் தொடங்கின.

வகுப்பு எப்படி நடக்கும்?

ரெக்கார்டிங் போட்டுவிட்டுப் போகும் வகுப்பு இல்லை. வாரத்தில் ஓரிரு நாள் ஆசிரியரும் மாணவர்களும் நேரலையில் சந்திப்பார்கள். படிக்க வேண்டியதை முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் விவாதம்தான் பிரதானம். ஏன் அப்படிச் சொல்கிறாய், ஆதாரம் என்ன என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இந்தியாவில் இருந்து சேர்வோருக்கு இரண்டு நடைமுறைச் சிக்கல்கள். முதலாவது நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்குக் கோடைக்காலத்தில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. அங்கே மதிய வகுப்பு என்றால் இங்கே நள்ளிரவு ஆகிவிடும். இரண்டாவது கட்டணம். பொதுவாக ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக, டாலரில் கட்ட வேண்டியிருக்கும். ரூபாயில் கணக்குப் போட்டால் நடுத்தரக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல.

கோவிலூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பள்ளிக்கூட முறைக்கு வெளியே, பழைய நூல்களை வரிசைப்படி, ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்பது நமக்குப் புதுசு இல்லை. காரைக்குடி பக்கத்தில் இருக்கும் கோவிலூர் மடாலயமே அதற்குச் சாட்சி.

முத்துராமலிங்க ஆண்டவர் தொடங்கிய மடம் இது. கொற்றவாளீஸ்வரர் கோயிலை ஒட்டி வளர்ந்தது. நகரத்தார் சமூகம் பெரிய அளவில் ஆதரித்தது. இதன் தனிச்சிறப்பு, வேதாந்தத்தைத் தமிழ் நூல்கள் வழியாகவே சொல்லிக் கொடுத்தது. தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம், வேதாந்த சூடாமணி, ஞானவாசிட்டம் போன்ற நூல்கள் அங்கே பாடம். எளியதில் தொடங்கி கடினமானதற்குப் போகும் முறை.

சமயம் வேறு, நூல்கள் வேறு. ஆனால் கட்டமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்: தேர்ந்தெடுத்த நூல்கள், படிப்படியான வரிசை, நேரடியான ஆசிரியர், கேள்வியும் விளக்கமும், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை.

வித்தியாசம் ஒன்று உண்டு. அன்றைக்கு மடத்தில் பாடம் கேட்டவருக்கு மார்க் ஷீட் தேவைப்படவில்லை. இன்றைக்கு அதே கோவிலூரில் இருக்கும் நாச்சியப்ப சுவாமிகள் கலை அறிவியல் கல்லூரியில் சேர வேண்டும் என்றாலும் பிளஸ் 2 சான்றிதழ் வேண்டும்.

தமிழ்க் கிறிஸ்தவக் கல்வியில் இதற்கு முன்னோடி உண்டா?

உண்டு. யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823-ல் ஓர் உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினார்கள். டேனியல் பூர் அதன் முதல் தலைவர். கிறிஸ்தவ போதனையோடு தமிழ், ஆங்கிலம், சம்ஸ்கிருதம், கணிதம், வானியல் எல்லாம் கற்பிக்கப்பட்டன. படித்தவர்கள் மதப்பணிக்கு வராமல் அரசு வேலைக்குப் போகிறார்கள் என்ற விமர்சனம் எழுந்து, 1855-ல் அது மூடப்பட்டது.

அங்கே படித்தவர்களில் ஒருவர் சி.வை.தாமோதரம்பிள்ளை. தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சில் கொண்டு வந்த அதே பதிப்பாசிரியர்தான். வட்டுக்கோட்டையில் அவ்வளவு படித்தும், சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியபோது அதன் பி.ஏ. தேர்வை எழுதித்தான் பட்டம் வாங்கினார். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் அவரும் ஒருவர்.

அதாவது, பாடம் ஓர் இடத்தில், பட்டம் வேறோர் இடத்தில். இன்றைக்கு ஆன்லைனில் படிக்கும் பிள்ளைக்கும் வழி இதுதான்.

வீட்டுக்கல்வி இந்தியாவில் சட்டப்படி செல்லுமா?

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-வது பிரிவு சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லும் அதில் இல்லை. அனுமதியும் இல்லை, தடையும் இல்லை என்ற நிலைதான். 14 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது.

நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துப் 'பள்ளி' மாதிரி நடத்தலாமா? இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 18-வது பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை.

அப்படின்னா சான்றிதழுக்கு என்ன வழி?

வெளிநாட்டு ஆன்லைன் நிறுவனம் தரும் டிப்ளமோவை மட்டும் நம்பி இருப்பது ஆபத்து. இந்தியக் கல்லூரிகள் அதற்குச் சமநிலைச் சான்று கேட்கும். அது கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் ஆன்லைனில் என்ன படித்தாலும், இங்கே செல்லும் ஒரு பொதுத்தேர்வைக் கூடவே எழுதுவதுதான் பாதுகாப்பு. அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

1. என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளி: மத்திய அரசின் கீழ் 1989-ல் தொடங்கியது. 14 வயது முடிந்தால் 10-ம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். 10-ம் வகுப்பு தேறி, 15 வயது முடிந்திருந்தால் 12-ம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஒரு மொழிப்பாடம் உட்பட ஐந்து பாடங்களில் தேற வேண்டும். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும், அதற்குள் ஒன்பது முறை வரை தேர்வு எழுத வாய்ப்பு உண்டு. நீட் தேர்வு எழுதவும் இந்தச் சான்றிதழ் செல்லும்.

2. மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வர்: 12½ வயது நிறைந்தவர்கள் 8-ம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதன்பிறகு உரிய வயதில் 10-ம் வகுப்புத் தேர்வு. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பலரும் கோட்டை விடுவது இதில்தான்.

அரசு வேலைக்குச் சிக்கல் வருமா?

இரண்டு இடங்களில் வரலாம். ஒன்று, 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்பு முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கினால், தமிழ்நாடு அரசுப் பணிக்கு அந்தப் பட்டம் செல்லாது. 2009-லேயே இதற்கு அரசாணை வந்துவிட்டது.

இன்னொன்று தமிழ். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். லத்தீன் வேற்றுமை உருபு தெரிந்த பிள்ளைக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால், சொந்த மாநிலத்திலேயே ஒரு கதவு மூடிவிடும். ஆன்லைன் பாடத்தில் தமிழ் இருக்காது. வீட்டில்தான் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

சேரும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை

* வகுப்பு இந்திய நேரப்படி எத்தனை மணிக்கு? பிள்ளையின் தூக்கம் கெடாதா?
* நடுவில் நிறுத்தினால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?
* கணிதம், அறிவியல் எந்த அளவுக்கு? என்.ஐ.ஓ.எஸ். தேர்வுக்கு அது போதுமா?
* எந்தச் சபையின் கொள்கைப்படி பாடம் நடத்துகிறார்கள்? அது குடும்பத்தின் நம்பிக்கையோடு ஒத்துப்போகிறதா?
* நேரில் பழக, விளையாடப் பிள்ளைக்கு நண்பர்கள் இருக்கிறார்களா?
* முக்கியமாக, பிள்ளைக்கு இதில் விருப்பம் இருக்கிறதா?

நல்ல நூல்களைப் படித்து, கேள்வி கேட்டு, வாதாடிக் கற்றுக்கொள்வது எந்தப் பிள்ளைக்கும் நல்லதுதான். ஆனால் 17 வயதில் கல்லூரி வாசலில் நிற்கும்போது கையில் செல்லுபடியாகும் ஒரு மார்க் ஷீட் இல்லை என்றால், அதற்கான விலையைக் கொடுப்பது முடிவெடுத்த பெற்றோர் இல்லை, அந்தப் பிள்ளைதான். அதனால் ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டும் முன், எந்தத் தேர்வு, எந்த ஆண்டு, எந்த மையம் என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள்.