லயத்துக் கதவு – 9: லண்டன்வரை போன வழக்கு

தெல்தோட்டைக்கு மேலே லூல்கந்துரைத் தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட மண். அங்கே கொழுந்து பறித்தவர்களுக்குக் கிடைத்தது லயம் என்ற வரிசை வீட்டில் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. முன்னால் ஒடுக்கமான இஸ்தோப்பு, அதன் மூலையிலேயே அடுப்பு. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் இருக்கும்வரைதான் தலைக்குமேல் கூரை. பேரை வெட்டி, வேலையிலிருந்து நீக்கும் பற்றுச்சீட்டை நீட்டிவிட்டால், மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பமும் சட்டி பானையோடு ரோட்டுக்கு வரவேண்டியிருந்தது.

பக்கத்துச் சிங்களக் கிராமத்தவருக்கும் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. அவர்களின் பாட்டன்மார் சேனை வெட்டிய காட்டை, உறுதி காட்டமுடியவில்லை என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானிய முடிக்குச் சொந்தமாக்கியது. முடி அதைத் தோட்டத் துரைமாருக்கு விற்றது. காட்டைப் பறித்தவன் ஒருவன், பகையோ லயத்தின்மேல்.

அந்தப் பகை 1946இல் பற்றிக்கொண்டது. கேகாலைப் பக்கத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை, நம்மவர் வாயில் உருளவள்ளியை, காணியில்லாத கிராமத்தவருக்குப் பிரித்துக் கொடுக்க அரசு எடுத்துக்கொண்டது. லயத்தாருக்கு வெளியேறும்படி அறிவித்தல் வந்தது. யாரும் அசையவில்லை. மற்றத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் மூண்டது. அத்துமீறிக் குடியிருக்கிறார்கள் என்று வழக்குப் போட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் உலை வைத்த வீட்டிலா அத்துமீறல்?

‘மன்னர் எதிர் செல்வநாயகம்’ என்ற அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1950இல் தீர்ப்பு: தோட்டத் தொழிலாளி செல்வநாயகத்தின் எண்ணம் உரிமையாளருக்குத் தொல்லை கொடுப்பதல்ல, தன் வீட்டை விட்டுப்போகாமல் இருப்பதுதான், ஆகவே இது குற்றமாகாது. ஏழைத் தொழிலாளியின் மனசை இவ்வளவு சரியாகப் படித்த தீர்ப்பு நம் வரலாற்றில் அரிது.

ஆனால் அது சிறையிலிருந்துதான் காத்தது, காம்பராவை எழுதிக் கொடுக்கவில்லை. தீர்ப்பு வருமுன்பே, 1948இல், குடியுரிமைச் சட்டம் மலையகத்தாரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. வீட்டுக்காக வாதாடி வென்றவர்களுக்கு வாக்குக்கூட இல்லை.

பிறகு 1972. காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. மிஞ்சியதை அரசு எடுத்தது. துரை போனால் விடிந்துவிடும் என்று எத்தனையோ லயங்கள் நம்பின. அப்படியானால் அடுத்த சில வருடங்களில் கண்டி, மாத்தளைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மூட்டை கட்டி வவுனியாப் பக்கம் போனவர்களைத் துரத்தியது யார்?

(அடுத்த வாரம்)