கோதுமையை நிறுத்திப் பார்த்த மருத்துவர்

தில்லி, மும்பை, கான்பூர், ஜாம்ஷெட்பூர் முதலிய நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இரவு உணவு சப்பாத்தியாகிப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. ரேஷன் அரிசி போதாத காலத்தில் வந்த பழக்கம், பிள்ளைகள் விரும்பியதால் நிலைத்தது. சர்க்கரை நோய்க்கு ஏற்றது என்று எண்ணிப் பெரியவர்களும் அதனைக் கைக்கொண்டனர். இப்பொழுதோ அதே வீடுகளில் வேறொரு பேச்சு எழுந்திருக்கிறது. கோதுமையை விட்டுவிட்டால் வயிற்று உப்புசம் நீங்கும், சோர்வு அகலும், உடல் லேசாகும் என்கிறார்கள். ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட பொட்டலங்கள் கடைகளில் இரட்டை விலைக்கு விற்கின்றன.

குளூட்டன் என்னும் சொல் லத்தீன் மொழியில் பசையைக் குறிப்பது. தமிழில் அதனைப் ‘பசையம்’ என்று எழுதுகிறோம். மொழிபெயர்ப்புச் சொற்களுள் இவ்வளவு இயல்பாக அமைந்தவை சிலவே. கோதுமை மாவைப் பிசைந்து, அந்த உருண்டையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால், மாவுச் சத்தெல்லாம் கரைந்து போய்க் கையில் ரப்பர் போன்ற ஒரு பொருள் மிஞ்சும். அதுவே பசையம். சப்பாத்தி கிழியாமல் விரிவதும், ரொட்டி பஞ்சுபோல் எழும்புவதும் அதனால்தான். அது ஒரு புரதம். கோதுமையில் மட்டுமன்றி, பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் அதன் இனத்துப் புரதங்கள் உண்டு.

இந்தப் பொருள் சிலருக்கு நோய் விளைக்கும் என்பது எவ்வாறு கண்டறியப்பட்டது? அந்த வரலாறு நீண்டது. வழியில் தடுமாற்றங்கள் நிரம்பியது.

பழங்காலத்தில் கப்படோசியா நாட்டைச் சேர்ந்த அரிடேயஸ் என்னும் கிரேக்க வைத்தியர், உண்ட உணவு செரியாமல் வெளியேறி, உடல் மெலிந்து வாடும் ஒரு நோயை விவரித்து எழுதினார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய ‘கொய்லியா’விலிருந்து அதற்குப் பெயர் வந்தது. அவருடைய நூலைப் பிரான்சிஸ் ஆடம்ஸ் என்பவர் 1856இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதன் பின்னர், 1887 அக்டோபரில், லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சாமுவேல் ஜீ என்னும் மருத்துவர் இந்நோயைப் பற்றி ஒரு விரிவுரை ஆற்றினார். அது அடுத்த ஆண்டில் அச்சாயிற்று. வயிறு பெருத்து, கைகால்கள் குச்சியாகி, வளர்ச்சி நின்றுபோன குழந்தைகளை அவர் கண்ணால் கண்டபடியே வருணித்தார். இந்நோய்க்குக் குணம் உண்டானால் அது உணவினாலேயே உண்டாகும் என்றும் தீர்மானமாகச் சொன்னார்.

அவர் சொன்ன கொள்கை சரி. வகுத்த பத்தியம் தவறு. அரிசி, ஜவ்வரிசி, மக்காச்சோள மாவு ஆகியவற்றை அவர் விலக்கச் சொன்னார். மெல்லிய துண்டாக நறுக்கி இருபுறமும் நன்கு வாட்டிய ரொட்டியையோ அனுமதித்தார். கெடுதல் செய்யாததைத் தடுத்து, கெடுதல் செய்வதைக் கொடுத்த பத்தியம் அது. ஒரு குழந்தைக்கு நாள்தோறும் ஹாலந்துக் கடற்சிப்பிகளை உணவாகக் கொடுத்ததாகவும், அது நன்றாகத் தேறியதாகவும், சிப்பிப் பருவம் முடிந்தவுடன் மீண்டும் நோயில் விழுந்ததாகவும் அவரே குறித்து வைத்திருக்கிறார். சிப்பியினால் வயிறு நிறைந்த பிள்ளை ரொட்டியை அதிகம் தின்றிராது என்று இன்று நாம் ஊகிக்கலாம். அக்காலத்தில் அப்படி நினைக்க யாருக்கும் தோன்றவில்லை.

1924இல் நியூயார்க் நகரத்து மருத்துவர் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழப் பத்தியத்தை வெளியிட்டார். ரொட்டி, பிஸ்கோத்து, உருளைக்கிழங்கு, தானியங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, வாழைப்பழத்தை முதன்மையாக வைத்து உணவு கொடுத்தார். குழந்தைகள் பிழைத்தனர். புகழ் முழுவதும் வாழைப்பழத்துக்குப் போயிற்று. பழம் நோயை ஆற்றிவிட்டது என்று நம்பியதனால், தேறிய பிள்ளைகளுக்குச் சில காலம் கழித்து மறுபடியும் ரொட்டி கொடுக்கலாயினர். நீக்கிய பொருளை விட்டுச் சேர்த்த பொருளை மருந்தென்று கொண்ட இந்த மயக்கம் கால் நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது.

இனி ஹாலந்துக்கு வருவோம். வில்லெம் காரெல் டிக்கே 1905இல் டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்தவர். முப்பத்தோரு வயதிலேயே, 1936இல், ஹேக் நகரத்து ஜூலியானா குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவரானார். அவரிடம் சீலியாக் நோய்ப்பட்ட குழந்தைகள் வந்துகொண்டிருந்தன. ரொட்டியை நிறுத்தியதும் தன் குழந்தை தேறியதென ஒரு தாய் சொன்ன செய்தியே அவரை இவ்வழியில் திருப்பியது என்று சொல்வார்கள். எவ்வாறாயினும், போருக்கு முன்பே கோதுமை இல்லாத உணவை அவர் சோதித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார். 1941இல், நாடு ஜெர்மானியர் வசம் இருந்தபொழுது, ரொட்டி சேராத எளிய பத்தியத்தைப் பற்றி டச்சு மருத்துவ இதழில் ஒரு கட்டுரையும் வெளியிட்டார்.

1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் ஆர்ன்ஹெம் பாலத்தைப் பிடிக்க முயன்றன. அதற்குத் துணையாக, லண்டனில் இருந்த டச்சு அரசாங்கம் ரெயில்வே வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. பாலம் கைக்கு வரவில்லை. ஜெர்மானியர் பழிவாங்கும் முறையில் மேற்கு ஹாலந்துக்கு உணவு செல்வதைத் தடுத்துவிட்டனர். பின்னர்த் தடை ஓரளவு தளர்ந்தும் பயன் இல்லாது போயிற்று; கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்து படகுகள் நின்றுவிட்டன. 1945 பிப்ரவரி இறுதியில் ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் ஆளொருவருக்குக் கிடைத்த ரேஷன் நாளைக்குச் சுமார் 580 கலோரிக்கு இறங்கியது. வளர்ந்த மனிதர் ஒருவருக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட அது தேறாது. மக்கள் சர்க்கரைக் கிழங்கைத் தின்றனர். தோட்டங்களில் நடுவதற்கு வைத்திருந்த துலிப் மலர்க் கிழங்குகளை வேகவைத்துத் தின்றனர். இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். ‘பசிக் குளிர்காலம்’ என்று அந்நாட்டார் அதனை இன்றும் குறிப்பிடுகின்றனர்.

ஊரே பட்டினியால் வாடிய அந்நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்த சீலியாக் குழந்தைகளின் நிலை மட்டும் மோசமாகவில்லை. சிலர் தேறவும் செய்தனர். பின்னர் ஸ்வீடன் அனுப்பிய மாவில் சுட்ட வெள்ளை ரொட்டி வந்தது. ஏப்ரல் கடைசியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் வானத்திலிருந்து உணவு மூட்டைகளை இறக்கின. நாடு முழுவதும் ஆனந்தக் கண்ணீர் விட்ட அவ்வேளையில், இக்குழந்தைகள் மட்டும் மீண்டும் நோயுற்றனர்.

இக்கதை எங்கும் சொல்லப்படுகிறது. கேட்பவர் மனத்தைப் பிடிக்கக்கூடிய கதைதான். ஆனால் பஞ்சத்தில் டிக்கேயின் மனத்தில் திடீரென்று ஒரு விளக்கு எரிந்தது போல இதனைச் சொல்வது பொருந்தாது. அவருடைய எண்ணம் பஞ்சத்துக்கு முந்தியது. பஞ்சம் அதனை வலுப்படுத்தியது, அவ்வளவே. என் கருத்தில், போருக்குப் பின் அவர் செய்த வேலையே வியப்புக்குரியது. அதில் விமானமும் இல்லை, துலிப் கிழங்கும் இல்லை. ஒரு தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தன.

குழந்தைகளை மாதக் கணக்கில், சிலரை ஆண்டுக் கணக்கில், அவர் கவனித்து வந்தார். சில காலம் கோதுமை இல்லாத உணவு. சில காலம் அதே உணவுடன் கோதுமை. மீண்டும் கோதுமை இல்லாத உணவு. எடை, உயரம், பசி ஆகியவற்றை இடைவிடாது குறித்து வந்தார். கோதுமை சேர்ந்த காலங்களில் வளர்ச்சிக் கோடு சரிந்தது. நீக்கிய காலங்களில் நிமிர்ந்தது. எடை மட்டும் சாட்சியாகப் போதாது என்பதால், உட்ரெக்ட் நகரில் வான் டெ காமர் என்னும் ரசாயன நிபுணர் மலத்தில் கழியும் கொழுப்பைத் துல்லியமாக அளக்கும் முறை ஒன்றை வகுத்துக் கொடுத்தார். குழந்தை மருத்துவர் வெய்யர்ஸும் உடன் சேர்ந்தார். கோதுமை சேர்ந்தால் கொழுப்பு செரியாமல் கழிந்தது. ரை தானியமும் அவ்வாறே செய்தது. அரிசியும் மக்காச்சோளமும் கெடுதல் செய்யவில்லை. கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாவுச் சத்தும் கெடுதல் செய்யவில்லை. ஆகவே குற்றம் பசையத்தின்மேல் விழுந்தது. அதிலும் கிளையடின் என்னும் பகுதியின்மேல். இம்முடிவுகளை உள்ளடக்கிய ஆராய்ச்சி நூலை டிக்கே 1950இல் உட்ரெக்ட் பல்கலைக் கழகத்துக்கு அளித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், சார்லட் ஆண்டர்சன் என்னும் அம்மையாரும் அவருடைய பர்மிங்ஹாம் தோழர்களும் தாங்களாகச் சோதித்து, 1952இல் லான்செட் இதழில் அம்முடிவை உறுதி செய்தனர். டிக்கே 1962இல் காலமானார்.

பிற்பட்ட செய்திகளைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். சிறுகுடலின் உட்புறத்தில் கம்பளத்தின் இழைகளைப் போல நிற்கும் நுண்ணிய விரல்கள் இந்நோயில் மழுங்கிப் போகின்றன என்பது 1950களின் இடையில் கண்டறியப்பட்டது. மார்கட் ஷைனர் என்னும் அம்மையார், வாய்வழியே குழாயைச் செலுத்திக் குடலின் சிறு துணுக்கை எடுக்கும் முறையை 1956இல் வெளியிட்டார். பசையத்தைப் பகையென்று கருதும் உடலின் காப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது என்பதும், சில குறிப்பிட்ட மரபணுக்கள் உடையவர்களுக்கே இது நேர்கிறது என்பதும் பின்னர்த் தெளிவாயின. 1997இல் பெர்லின் ஆராய்ச்சியாளர் அத்தாக்குதலின் இலக்கைக் கண்டுபிடித்ததனால், இரத்தப் பரிசோதனை எளிதாயிற்று.

இந்தியாவில் இந்நோய் இல்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பிள்ளை மெலிந்தால் அது வறுமையின் பயன், பேதியானால் தண்ணீரின் பயன் என்று கருதப்பட்டது. 1966இல் தில்லி மருத்துவர்கள் வட இந்தியக் குழந்தைகளிடம் சீலியாக் நோயைக் கண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை நம் நாட்டுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். இதனை ஒட்டி, புதுக் கோதுமைதான் நோயைக் கொண்டுவந்தது என்று இன்று சிலர் பேசுகின்றனர். சாமுவேல் ஜீ கண்ட குழந்தைகள் குட்டைக் கோதுமைக்கு எழுபது எண்பது ஆண்டுகள் முந்தியவர்கள் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. நம் ஊர்ச் சம்பா கோதுமையிலும் பசையம் உண்டு.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு நேராகத் தொடர்புடையது 2016இல் வெளியான ஓர் ஆராய்ச்சி. வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தனர். சீலியாக் நோய்க்குரிய அடையாளம் வடக்கில் நூற்றுக்கு 1.23 பேரிடமும், வடகிழக்கில் 0.87 பேரிடமும், தெற்கில் 0.10 பேரிடமும் இருந்தது. ஆனால் நோய்க்கு இடம் தரும் மரபணு வடக்கில் நூற்றுக்கு 38 பேரிடமும் தெற்கில் 36 பேரிடமும் இருந்தது. ஏறக்குறைய ஒரே அளவு. வேறுபாடு தட்டில் இருந்தது. நாளொன்றுக்கு வடக்கில் உண்ணும் கோதுமை 455 கிராம். தெற்கில் 25 கிராம். உணவு ஒன்றே காரணம் என்று இதனால் முடிவு கட்டிவிட முடியாது. வடகிழக்கில் கோதுமை 37 கிராமே ஆயினும் அங்கு நோயின் அடையாளம் குறைவாக இல்லை. ஆயினும், அரிசி உண்ட தலைமுறைகளில் உறங்கிக் கிடந்த இயல்பு, சப்பாத்தி உண்ணும் தலைமுறையில் விழித்துக்கொள்ளக் கூடும் என்பதைத் தில்லியில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் அறிந்திருப்பது நலம். வளர்ச்சி நின்ற பிள்ளை, இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் தீராத சோகை, ஓயாத பேதி ஆகியவை இருந்தால், ‘தமிழர்க்கு இந்நோய் வராது’ என்று ஒதுக்கிவிடலாகாது.

அப்படியானால் உடல் லேசாக வேண்டும் என்று கோதுமையை விடுவோர் செய்வது வீணா? முற்றிலும் வீணென்று சொல்ல மாட்டேன். சீலியாக் நோய் இல்லாதவர்களிலும் சிலர் கோதுமையை நிறுத்தியதும் வயிற்றுக்கு இதமாக இருப்பதை உணர்கின்றனர். ஆனால் கோதுமையில் பசையம் மட்டும் இல்லை. ஃப்ரக்டான் என்னும் ஒருவகைச் சர்க்கரைச் சத்தும் உண்டு. வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது அதுவே. தமக்குப் பசையம் ஒவ்வாது என்று நம்பியவர்களை வைத்து நார்வே ஆராய்ச்சியாளர் செய்த சோதனை 2018இல் வெளியாயிற்று. அதில் பசையத்தைக் காட்டிலும் ஃப்ரக்டானே அவர்களுக்கு அதிக உபாதை தந்தது. அவர்கள் பட்ட துன்பம் உண்மை. பழி மட்டும் இடம் மாறியிருந்தது. வாழைப்பழத்துக்குப் போன புகழை இங்கே நேயர்கள் நினைவுகூரலாம்.

நோய் இருக்குமோ என்ற ஐயம் உடையவர்கள் பரிசோதனைக்கு முன்னதாகக் கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்திய சில மாதங்களில் இரத்தத்திலுள்ள அடையாளங்கள் மறையத் தொடங்கும்; குடலும் ஆறத் தொடங்கும். பிறகு சோதித்தால் ஒன்றும் தெரியாது. நோய் உறுதியானவர்க்கோ பத்தியம் வாழ்நாள் முழுவதும் வேண்டும்; ஒரு விள்ளல் சப்பாத்தியும் கூடாது.

தமிழ்ச் சமையல் அவர்களுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானது. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், பருப்பு ஆகிய எதிலும் இந்தப் பசையம் இல்லை. ஆயினும் ரவை, சேமியா, மைதா மூன்றும் கோதுமையே. சாம்பாரிலும் ரசத்திலும் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்தே வாங்க வேண்டும். மால்ட் சேர்ந்த பானப் பொடிகள் பார்லியிலிருந்து வருபவை. வடநாட்டார் நவராத்திரி விரதத்தில் உண்ணும் குட்டூ மாவும் சிங்காடா மாவும், பஞ்சாபியர் குளிர்காலத்தில் தட்டும் மக்காச்சோள ரொட்டியும் இயல்பில் பசையம் அற்றவை. ஆனால் தெருக்கோடியிலுள்ள சக்கியில் கோதுமையை அரைத்த கல்லிலேயே மக்காச்சோளத்தையும் அரைத்துக் கொடுப்பார்கள். முன்பு அரைத்த மாவின் தூள் பின்னதில் சேராமல் இராது. அரிசியும் உளுந்தும் ஊறவைத்து நம் வீட்டுக் கிரைண்டரில் அரைக்கும் இட்லி மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.