சடுகுடு: அவுட் ஆனவர் திரும்பி வரும் ஆட்டம்

குழந்தைகளுக்கு ஒற்றுமையைக் கற்றுத்தர இன்று பள்ளிகளில் புதிது புதிதாகக் குழு விளையாட்டுகளைச் சொல்லித் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் பந்து, மட்டை என்று பைசா செலவில்லாமல் அதைக் கற்றுத்தந்த ஆட்டம் ஒன்று நம் ஊர்களில் ஏற்கனவே இருந்தது. திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களில் ஒன்றான தொப்பம்பட்டியில் ஆகட்டும், பக்கத்தில் பழனி, ஒட்டன்சத்திரத்தில் ஆகட்டும், பெரியவர்களிடம் சடுகுடு என்று சொன்னால் போதும், முழங்கால் தழும்பைக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்! அறுவடை முடிந்த களமும், காலால் கிழித்த நடுக்கோடும், மூச்சடக்கிப் பாட ஒரு பாட்டும் இருந்தால் ஆட்டம் தயார்.

ஆந்திரத்தில் செடுகுடு, மராட்டியத்தில் ஹுதுது, வங்காளத்தில் ஹாடுடு என்று இதற்குப் பல பெயர்கள். சக்கரவியூகத்தில் சிக்கிய அபிமன்யுவிடமிருந்து வந்த ஆட்டம் என்றும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அதைவிட சுவாரசியமான விஷயம் இதன் விதிகளில்தான் இருக்கிறது.

பழைய கபடியில் மூன்று வகைகள் உண்டு. 'அமர்' வகையில் தொடப்பட்டவர் வெளியே போகவே வேண்டாம், எதிரணிக்குப் புள்ளி மட்டும் சேரும். 'காமினி' வகையில் வெளியே போனவர் போனவர்தான், அணி முழுவதும் அவுட் ஆகும் வரை கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். மூன்றாவது 'சஞ்சீவனி'. இதில் எதிரணியில் ஒருவர் அவுட் ஆனால் நம் அணியில் வெளியே இருக்கும் ஒருவர் உயிர் பெற்று உள்ளே வருவார். இன்று உலகம் முழுவதும் ஆடப்படும் கபடி இந்த சஞ்சீவனி விதியைத்தான் எடுத்துக்கொண்டது.

இந்த ஒரு விதி ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. பாடிப் போகிறவர் தனியாகத்தான் போகிறார். ஆனால் அவர் யாரையாவது தொட்டுவிட்டு வந்தால் வெளியே காத்திருக்கும் தோழனுக்கு வாழ்வு. அதிலும், நமக்குப் பிடித்தவனைக் கூப்பிட்டுக்கொள்ள முடியாது. முதலில் அவுட் ஆனவர்தான் முதலில் உள்ளே வர வேண்டும். (வணிகவியல் மாணவர்கள் சரக்கிருப்புக் கணக்கில் படிக்கும் அதே முறை!) சுமாராக ஆடுகிற பையன் சீக்கிரமே அவுட் ஆவான், அதனால் அவனே முதலில் திரும்பியும் வருவான். அவனை ஓரம் கட்டிவிட்டு அணியை நடத்த முடியாது.

பிடிக்கிற பக்கமும் அப்படித்தான். பாடி வருபவரைத் தனி ஆளாகப் பிடிப்பது கஷ்டம். பக்கத்தில் இருப்பவரின் கையைக் கோத்துக்கொண்டு சங்கிலியாக வளைக்க வேண்டும். ஒருவர் அவசரப்பட்டுக் கையை விட்டால் அந்த இடைவெளியிலேயே அவர் தப்பிவிடுவார்.

இதன் பிறகு நடந்தது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழு இதை ஆடிக் காட்டியது. 1950ல் அகில இந்திய கூட்டமைப்பு வந்தது. 1990ல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்குரிய ஆட்டமாகச் சேர்க்கப்பட்டு இந்தியா தங்கம் வென்றது. பெண்கள் கபடி அங்கே இடம்பெற 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 20 வருடம் என்பது ரொம்பத் தாமதம்.

ஆனால் விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது அணிக்குள் இருப்பவருக்குத்தானே? யாரை அணியில் சேர்ப்பது என்பதை ஊர்தான் முடிவு செய்தது. பல ஊர்களில் தெருவுக்கொரு அணி, சாதிக்கொரு அணி என்றுதான் இருந்தது. தொட்டு ஆட வேண்டிய ஆட்டத்துக்கு இதைவிடப் பெரிய முரண்பாடு இருக்க முடியாது. பழனிப் பக்கத்துக் கிராமத்தைக் களமாகக் கொண்டு 2009ல் வந்த 'வெண்ணிலா கபடிக்குழு' படம் இதைத் தொட்டது. 2025ல் வந்த மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' இன்னும் வெளிப்படையாகவே பேசியது.

அந்தப் படம் தூத்துக்குடி மாவட்டம் மணத்தியைச் சேர்ந்த கணேசனின் வாழ்க்கையைத் தழுவியது. 1994ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார், 1995க்கான அர்ஜுனா விருதும் பெற்றார். ஹிரோஷிமாவில் அவரோடு கைகோத்து நின்றவர்கள் வெவ்வேறு மாநிலத்துக்காரர்கள், வெவ்வேறு மொழி பேசுகிறவர்கள்.